மட்டாஞ்சேரி வரும்பூத மதிப்பீட்டு சமிதி

எங்கள் சமிதிக்கு ஒரு விதி உண்டு. வந்துவிட்ட பூதத்தைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. வரப்போகிற பூதத்தைப் பற்றி மட்டும்தான் பேசலாம். "வந்ததைப் பத்தி வழியில போறவனும் பேசுவான். அதுக்கு எதுக்கு ஒரு சமிதி?" என்று தலைவர் ராஜப்பன் சார் கேட்பார். இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு என் வீட்டில் முகம் கொடுத்து எனக்கு ஒரு சாயா வைத்திருப்பார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூதவேட்டை என்று போனில் ஒரு ஆட்டம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். நடந்தால் திரையில் பூதம் தட்டுப்படும், மிட்டாயும் சேரும். பூதத்தைப் பிடித்து, மிட்டாயைத் தின்னக் கொடுத்து வளர்த்து, அடுத்தவன் பூதத்தோடு சண்டைக்கு விடலாம். நாற்பத்தாறு வயசுக்காரனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்டர் கேட்கவில்லை. சர்க்கரை ஏறிப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு "நடங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். சும்மா நடக்க எனக்குச் சலிப்பு. என் மனைவி லதீஃபாதான் என் போனிலும் அவள் போனிலும் இந்த ஆட்டத்தை இறக்கினாள்.

என் பேர் சிகாபுதீன். சுக்கையும் ஏலக்காயையும் மூட்டை கட்டி, வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்புகிற ஒரு ஏஜென்சியில் வேலை. எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த ராவுத்தர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். சாயங்காலம் வேலை முடிந்ததும் நானும் லதீஃபாவும் ஒரு காலத்தில் யூதர்கள் இருந்த ஜூ டவுன் வழியாக போட் ஜெட்டி வரைக்கும் நடப்போம். வெளிநாட்டுக்காரர்கள் பழைய சாமான் கடைகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அந்தக் கடைவாசலில் கிடக்கிற பெரிய வெண்கல உருளிக்குள் போனை நீட்டிப் பூதம் தேடுவோம். அவர்கள் எங்களையும் படம் எடுப்பார்கள்.

அந்த உருளியில்தான் லதீஃபாவுக்குப் புகைக்குட்டி கிடைத்தது. சாம்பல் நிறத்தில், ஊதினால் போய்விடும் போல ஒரு சின்னப் பூதம். அசல் பேர் எதுவும் எங்கள் வாயில் நுழையாது, அதனால் எல்லாவற்றுக்கும் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். கேலிக்கு நான் அதைப் பொக்கு என்பேன். எங்கள் தொழிலில் உள்ளே ஒன்றுமில்லாத மிளகுக்கு அந்தப் பேர். லதீஃபா கோபித்துக்கொள்ள மாட்டாள். "இருக்கட்டும், வளத்துக்கறேன்" என்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை எர்ணாகுளத்தில் ஒரு மண்டபத்தில் ஜோடி ஆட்டம் நடக்கும். போன வருஷம் கப் அடித்தது என் தங்கை அன்ஸியாவும் அவள் மாப்பிள்ளை அல்தாஃபும். பாலக்காட்டிலிருந்து வந்து அடித்துக்கொண்டு போனார்கள். கப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். பெருநாளுக்குப் போனபோது லதீஃபா தண்ணீர் எடுக்கிற சாக்கில் அந்த ஃப்ரிட்ஜ் பக்கமே போய்வந்து கொண்டிருந்தாள். திரும்பி வரும் ரயிலில் என்னிடம் சொன்னாள்: "நான் எதுலயும் ஜெயிச்சதே இல்லைங்க. பள்ளிக்கூடத்துல சாக்கு ஓட்டம், அதுல கூட ரெண்டாவது. ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்." அவள் வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது அபூர்வம். ஜெயிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு நேராகப் போய் சமிதியில் சேர்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றும் சொல்ல முடியாது. காலை விட்ட பிறகும் கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கூப்பிட்டது நௌஷாத். சமிதியின் செயலாளர். மிளகுத் தரகர், ஆள் ஒரு மூட்டை மிளகை விடக் கனம். ஏஜென்சிக்கு வந்தவர் என் போனை எட்டிப் பார்த்தார்.

"எந்தா சிகாபே, நீ நெஜமாவே ஆடறியா?"

"ஆமா."

"எங்க சமிதியில ஆடறவங்க யாரும் இல்ல. ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்னு வெளியில பேசறாங்க. வா."

ஜூ டவுனில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில்தான் சமிதி. மரப்பலகைத் தரை. இடுக்கிலெல்லாம் பல காலத்து மிளகுத் தூள். ராஜப்பன் சார் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று சொன்னால் அங்கே இருக்கிறவர்கள் வருத்தப்படுவார்கள். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றோம். ஆட்டத்தை நடத்துகிற கம்பெனி நீக்கிவிட்ட பூதங்களுக்கு மௌன அஞ்சலி. மிளகுத் தூள் மூக்கில் ஏறி ஒவ்வொருத்தராகத் தும்ம ஆரம்பித்தோம். தும்மல் முடிந்ததும் அஞ்சலி முடிந்ததாகத் தலைவர் அறிவித்தார்.

பிறகு என்னை வரவேற்றுப் பேசினார்.

"நண்பர்களே, இந்த ஆட்டத்தை நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. என் போனில் அது இல்லை. அதனால்தான் எனக்குப் பாரபட்சம் இல்லை. ஆடுகிறவனுக்கு ஏதாவது ஒரு பூதத்தின் மேல் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் மதிப்பீடு போயிற்று. என் சர்வீஸ் முழுக்க நான் போகாத இடங்களுக்கெல்லாம் போய்வந்ததாக அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஏனென்றால் படித்தவர்களும் அந்த இடத்துக்குப் போனதில்லை. நம் புதிய உறுப்பினர் சிகாபுதீன் ஆடுகிறவர். அது ஒரு குறைதான். இருந்தாலும் திருத்தி எடுத்துவிடலாம் என்று நம்புகிறேன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் சட்டையில் 'மதிப்பீட்டாளர்' என்று எழுதிய ஒரு வில்லையைக் குத்திவிட்டார்கள்.

அந்த வில்லை விஷயத்தில் நான் கொஞ்சம் மானம் கெட்டுத்தான் போனேன். குளித்து வந்ததும் சட்டையைப் போடுவதற்கு முன்னால் அதைத் தேடுவேன். மீன் வாங்கப் போகும்போதும் குத்திக்கொண்டு போனேன். மீன்காரச் சேட்டன் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நேற்றைய மத்தியைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல அயிலையாக எடுத்துக் கொடுத்தார். என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. இரண்டு அயிலையைத் தூக்கிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த மாதம் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. ஜோடி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு புதுப் பூதம் வரப்போகிறது. படம், எடை, தெரிந்த அடிகள் என்று போட்டிருந்தார்கள். பாறையை உருட்டி வைத்தது மாதிரி ஒரு உருவம், நாலு லாரிக் கனம். குண்டன் என்று பேர் வைத்தோம். எடையை வாசித்ததும் கிடங்கில் எல்லோரும் "ஹா" என்று மூச்சை இழுத்தார்கள். பாதிப் பேர் மிளகுக்காரர்கள். நௌஷாத் எழுந்தார்.

"முப்பது வருஷமா மிளகைக் கையில பிடிச்சவன் நான். கண்ணை மூடிக்கிட்டு ஒரு பிடி அள்ளினாப் போதும், கனம் பேசும். கனம் இருந்தா சரக்கு, இல்லாட்டி பொக்கு. இதுல படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. போன தடவை நான் நல்லா இருக்கும்னு சொன்ன பூதம் முதல் அடியிலேயே விழுந்துதே, அதுக்குக் காரணம் அந்தப் பூதம். என் மதிப்பீட்டுல தப்பு இல்ல."

"மத்த பூதங்க அதை எப்படி அடிக்கும்னு பாக்க வேண்டாமா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"அதான் எடை போட்டிருக்கே" என்றார் நௌஷாத். எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியாகத்தான் பட்டது. சுக்கு மூட்டையை நாள் முழுக்கத் தராசில் ஏற்றி இறக்குகிறவன் நான்.

வாக்கெடுப்பு துண்டுக்கடியில். பழைய காலத்தில் மிளகுத் தரகர்கள் விலை பேசுவது அப்படித்தான். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைத் தொட்டு விலை சொல்வார்கள், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நௌஷாத் அந்த முறையை சமிதிக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு விரல் என்றால் மட்டம், ஐந்து விரல் என்றால் உச்சம். ஒவ்வொருத்தராகத் தலைவர் பக்கத்தில் போய்த் துண்டுக்கடியில் கையை நீட்டினோம். நான் மூன்று விரல் கொடுத்தேன். அவர் மூன்றையும் நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, "ஐந்து" என்று அறிவித்தார்.

நான் வாயைத் திறந்தேன். "வாக்கு ரகசியம்" என்றார் அவர். "என்ன கொடுத்தேன் என்று நீங்கள் சொன்னால் ரகசியம் போய்விடும், வாக்கு செல்லாது." மூடிக்கொண்டேன். எல்லோருக்கும் ஐந்துதான் வந்தது. குண்டன் ஐக்கியகண்டமாக, அதாவது ஏகமனதாக, உச்சத் தரம். வீட்டுக்கு வருவதற்குள் நான் ஐந்து விரல்தான் கொடுத்தேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சமிதிக் கூட்டம் சாயங்காலங்களில் என்பதால் நடை நின்றது. லதீஃபா தனியாக நடந்தாள். ஜோடிகளுக்கு ஆட்டத்தில் ஒரு கூட்டுப் பை உண்டு. அவள் நடந்து சேர்க்கிற மிட்டாயெல்லாம் அதில் விழும். "போட்டிக்குள்ள புகைக்குட்டி பெருசாயிடும்ங்க. பெருசானா புகைராணி. எல்லாம் அதுக்குத்தான் சேத்து வெக்கறேன்" என்றாள். நான் வில்லையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் மாதிரிச் சண்டை. குண்டன் இன்னும் வரவில்லை என்பதால் சண்டையை மனிதர்களை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. குண்டனாக நௌஷாத். எதிரியாகப் புகைக்குட்டி, அதற்கு நான். சமிதியிலேயே ஒல்லியானவன் நான்தான் என்று ஐக்கியகண்டமாகக் கண்டுபிடித்தார்கள். ராஜப்பன் சார் பஸ் கண்டக்டர் விசில் ஒன்றை வைத்துக்கொண்டு நடுவராக நின்றார்.

விசில் ஊதினார். நௌஷாத் நேராக நடந்து வந்து என்னைப் படுக்க வைத்து என் மேல் உட்கார்ந்தார்.

"சாரே, புகைன்னா ஊடால நழுவிப் போயிடும்ல?" என்று பலகையில் முகம் அழுந்தக் கேட்டேன்.

"போகலாம். விதியில் தடையில்லை. போய்க் காட்டுங்கள்" என்றார் தலைவர்.

நான் முயற்சி செய்தேன். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். "புகைக்குட்டி நழுவத் தவறியது, குண்டன் வெற்றி" என்று எழுதிக்கொண்டார்கள். நௌஷாத் எழுந்திருக்க மறந்து நன்றியுரையையும் அங்கிருந்தபடியே சொன்னார்.

வீட்டில் குப்புறப் படுத்திருந்தேன். லதீஃபா முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "புகை மேல எப்படிங்க ஒக்கார முடியும்?"

"அது நடைமுறைச் சிக்கல்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்தாள். பிறகு மறுபடியும் தேய்த்தாள்.

சமிதி எதையும் மூடி மறைப்பதில்லை என்று காட்ட, பொதுமக்கள் கருத்துக் கேட்பு ஒன்றும் நடந்தது. நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தோம். வந்த பொதுமக்கள் ஒரே ஒருத்தர், லதீஃபா. கையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசினாள்.

"சார், ஆட்டத்துல தூக்கியடின்னு ஒரு அடி இருக்கு. எதிரி எவ்வளவு கனமோ அவ்வளவு பலமா விழும்னு மலையாளத்துல தெளிவா எழுதியிருக்கு. என் புகைக்குட்டிக்கே அந்த அடி தெரியும். நாலு லாரிக் கனத்தைத் தூக்கிப் போட்டா என்னாகும்?"

ராஜப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்கு இந்த சமிதி உடனே பதில் சொல்வதில்லை. சொன்னால் கேள்வி சின்னதாகிவிடும். மேலும், நீங்கள் காட்டுகிற ஆதாரம் போனில் இருக்கிறது. அந்தப் போனில் ஆட்டமும் இருக்கிறது. அதனால் அது பாரபட்சமான போன். ஆனாலும் பொதுமக்கள் கேட்டதை மதித்து ஒரு துணைக்குழு அமைக்கிறோம். ஒரு நபர் துணைக்குழு. உறுப்பினர் சிகாபுதீன்."

அன்று ராத்திரிச் சாப்பாடு கப்பைக் கிழங்கும் மீன் கறியும். லதீஃபா எதிரில் உட்கார்ந்தாள்.

"என் கேள்வி என்னாச்சு?"

"பரிசீலனையில இருக்கு."

"யாரு பரிசீலிக்கறா?"

"நான்தான்."

"செரி, உப்பு எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள பரிசீலிங்க." போய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஆச்சா?"

"துணைக்குழு இன்னும் கூடல."

"நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"இங்க நான் இருக்கேன். துணைக்குழு கிடங்குல கூடும்."

அவள் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு வரி. மலையாளம் எனக்குத் தமிழை விட நன்றாகவே வாசிக்க வரும். கையில் மீன் கறி இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். கை கழுவிய பிறகும் பார்க்கவில்லை. பார்த்தால் துணைக்குழு கூடியதாகிவிடும், கூடினால் அறிக்கை கொடுக்க வேண்டும், அறிக்கை கொடுத்தால் ஐந்து விரல் என்ன ஆவது? உண்மையைச் சொன்னால், பயம். என் வில்லையைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியும், கூடமும் நேராகத்தான் இருந்தது. நான் கண்ணைத்தான் மூடிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் குண்டன் வந்தது. சமிதியில் ஆட்டம் வைத்திருக்கிற ஒரே ஆள் நான் என்பதால் அவசரக் கூட்டம் போட்டு என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். குஞ்சாக, வளராமல் இருந்தது. "உறுப்பினர் இதை வளர்த்து நாளைக்குக் களத்தில் இறக்க வேண்டும். நம் மதிப்பீடு உலகத்துக்குத் தெரிய வேண்டும். நாங்கள் பேனரோடு வருகிறோம்" என்றார் தலைவர். வளர்க்க மிட்டாய் வேண்டும். என் கணக்கில் ஒன்றுமில்லை, நடந்தால்தானே. கூட்டுப் பை நிறைய இருந்தது.

லதீஃபாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நாளைக்குக் குண்டன் எல்லோரையும் நசுக்கி, கப்பை அவள் கையில் கொடுக்கும்போது அவளே சிரிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பையையும் குண்டன் வாயில் கொட்டினேன். அது பெரிதாகிப் பெரிதாகித் திரைக்கு வெளியே போனது. நௌஷாத் என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கியது என்றே சொல்லலாம்.

மறுநாள் காலையில் எர்ணாகுளத்துக்கு போட்டில் போனோம். லதீஃபா நல்ல மஃப்தா எடுத்துத் தலையில் சுற்றியிருந்தாள். பாதி வழியில் போனை எடுத்தாள். புகைக்குட்டியைப் பெரிதாக்குவதை இந்த நாளுக்கென்றே வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பை காலியா இருக்கு" என்றாள்.

"காலி இல்ல. குண்டன் மேல போட்டிருக்கேன்."

"நான் நடந்து சேத்தது."

"சமிதியில ஐக்கியகண்டமா..."

"மழையில கொடை பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ஜெட்டிக்கும் வீட்டுக்கும், ஜெட்டிக்கும் வீட்டுக்கும். கால் வீங்கிப்போச்சு. உங்களுக்குத் தைலம் தேச்சேனே, எனக்கு யாரு தேச்சா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ஜெட்டியில் இறங்கி மண்டபம் வரைக்கும் அவள் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தாள். என் சட்டையில் வில்லை ஆடிக்கொண்டே வந்தது.

குலுக்கலில் முதல் ஆட்டமே எங்களுக்கும் அன்ஸியா, அல்தாஃபுக்கும் விழுந்தது. ஆளுக்கு ஒரு பூதம், விழுந்தால் வெளியே. என் பக்கம் குண்டன், லதீஃபா பக்கம் புகைக்குட்டி. எதிரில் அல்தாஃப் ஒரு இரும்பு ஆமையைக் கொண்டுவந்திருந்தான், அன்ஸியா புகைராணியை. பெரிய திரையில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். பின்னால் எங்கள் சமிதி பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றது. குண்டன் திரைக்கு வந்ததும் நௌஷாத் "பாத்தியா கனத்த" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்ஸியா ஒரே ஒருமுறை திரையைத் தொட்டாள். தூக்கியடி. புகைராணி குண்டனைக் கைக்குழந்தை மாதிரி மேலே தூக்கியது, விட்டது. நாலு லாரிக் கனமும் விழுந்தது. மண்டபத்து ஸ்பீக்கரில் பெரிய சத்தம். என் பக்கத் திரை இருட்டாயிற்று. நான் இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை.

பிறகு லதீஃபா தனியாக இரண்டு பேரோடு ஆடினாள். பொக்கு, பொக்கு என்று நான் சொன்ன அந்தக் குட்டி, அல்தாஃபின் இரும்பு ஆமையை அதே தூக்கியடியில் போட்டது. அல்தாஃப் வாயைப் பிளந்தான். மிச்சம் புகையும் புகையும். இரண்டுக்கும் எடை இல்லை, தூக்க ஒன்றுமில்லை, சின்னச் சின்ன அடியாக நெடுநேரம் போனது. பக்கத்து மேசை ஆட்களெல்லாம் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். லதீஃபாவின் நெற்றியில் வியர்வை. துடைக்கவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு நூல் உயிர் இருந்தது. புகைக்குட்டிதான் முதலில் அணைந்தது.

மண்டபம் கைதட்டியது. அது தோற்றவளுக்குத் தட்டிய கை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அன்ஸியா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "மைனி, இன்னும் ஒரு பிடி மிட்டாய் கொடுத்து வளத்திருந்தீங்கன்னா இன்னிக்கு நான் காலி. ஏன் வளக்காம விட்டீங்க?"

நான் தலையைக் குனிந்தேன். வரட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"முட்டி வலி, அன்ஸியா" என்றாள் லதீஃபா. "முன்ன மாதிரி நடக்க முடியல."

அவளுக்கு முட்டி வலி கிடையாது. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வெளியே போகிற வழியில் நௌஷாத் என்னைப் பிடித்துக்கொண்டார். சமிதி சாப்பாட்டுக் கூடத்தில் ஏற்கெனவே கூடியிருந்தது. பிரியாணி பரிமாறியிருந்தார்கள். ராஜப்பன் சார் எழுந்தார்.

"நண்பர்களே, குண்டன் விழுந்ததைச் சிலர் தோல்வி என்று சொல்லக்கூடும். எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டும். அரைகுறையாக விழவில்லை. தன் முழு எடையோடு விழுந்தது. அந்தச் சத்தத்தை இந்த மண்டபம் மறக்காது. எடையைப் பற்றி நாம் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிரூபணமாகிவிட்டது. இனி, இந்தக் குண்டன் வந்துவிட்ட பூதம். வந்துவிட்டதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அடுத்தது என்ன?"

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். ஆனால் மண் எல்லாம் என் வாயில் இருந்தது. பாராட்டுத் தீர்மானம் என்று துண்டை நீட்டினார்கள். கையை உள்ளே விட்டு விரல் எல்லாவற்றையும் மடக்கி வைத்துக்கொண்டேன். தலைவர் என் மூடிய கையைப் பிடித்துப் பார்த்தார். "ஐந்து" என்று அறிவித்துவிட்டு எலும்பைக் கடித்தார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். அடுத்த சுற்றில் அல்தாஃப் ஆரம்பத்திலேயே விழுந்து, அன்ஸியா தனியாக ஆடித் தோற்றிருந்தாள். அல்தாஃப் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். வாசல் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மழைக்காலம் கழிந்து திருச்சூரில் நடக்கப்போகிற மாநில ஜோடி ஆட்டத்துக்குப் பேர் பதிந்துகொண்டிருந்தார்கள். லதீஃபா வரிசையில் நின்றிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. மறுபடியும் ஆடப்போகிறாள். இந்த முறை நடப்பேன், மழையிலும் நடப்பேன், ஒரு மிட்டாயைத் தொட மாட்டேன் என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜோடி என்றால் புருஷன் பெண்டாட்டிதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். விதியில் அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. லதீஃபா மட்டும்தான் வாசித்துப் பார்த்திருந்தாள்.

"கூட ஆடறது யாரு?" என்று மேசையிலிருந்த பெண் கேட்டாள்.

லதீஃபா திரும்பி என்னைப் பார்த்தாள். அவசரமாக அல்ல, நன்றாகப் பார்த்தாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. மீன் கடையில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பலகையில் வைப்பாளே, அந்த முகம்.

"அன்ஸியா" என்றாள்.

அன்ஸியா அதைக் கேட்டு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாள். தன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே போனில் தலையைக் குனிந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். லதீஃபா அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இவர்கள் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான மதிப்பீடு அது. அதைக் கேட்க ஆள் இல்லை.

அல்தாஃப் தூணை விட்டு மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான்" என்றான். "உங்க சமிதியில எடம் இருக்கா?"

"இருக்குடா" என்றேன். "எடத்துக்கு என்ன பஞ்சம்."